நாடித்துடிப்பும் நஞ்சும்: வெபர் சகோதரர்களிலிருந்து பேராதனை வரை

பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில், கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கிறது இறம்பொடை. சுற்றிலும் தேயிலை. இன்னும் மேலே ஏறினால் கோவா, லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு என்று மரக்கறித் தோட்டங்கள். லயத்துக்குப் பின்னாலுள்ள துண்டு நிலத்தில் மரக்கறி போட்டு மருந்தடிப்பவர்களும் இங்கு உண்டு. வீதியின் அடிவாரத்திலோ பல்கலைக்கழகமும் அதன் மருத்துவ பீடமும். நரம்புகள் இதயத்துடிப்பை எவ்வாறு ஆள்கின்றன என்ற ஆய்வின் வரலாற்றை உடற்றொழிலியல் நூல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய ஆய்வுகூடங்களோடு நிறுத்திவிடுகின்றன. அந்த வரலாற்றின் கடைசி அத்தியாயங்களில் ஒன்று இந்த மலைநாட்டின் அடிவாரத்தில் எழுதப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1845இல் ஜெர்மானியச் சகோதரர்களான எர்ன்ஸ்ட் வெபரும் எடுவார்ட் வெபரும், மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பை மின்னால் தூண்டினால் இதயம் வேகம் குறைந்து நின்றே போவதைக் காட்டினார்கள். நரம்பு என்றால் உறுப்பை முடுக்கிவிடுவது என்றுதான் அதுவரை அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள். ஒரு நரம்பின் வேலையே அடக்குவதாக இருக்கலாம் என்பது புதிய செய்தி. இதயத்தை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகள் 1860களில் தெளிவாயின. துடிப்பு தொடங்கும் இடமான குடாச் சோணைக் கணுவை 1907இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் இருவரும் கண்டார்கள்.

நரம்புகளின் பிடியிலிருந்து முற்றாக விடுபட்டால் அந்தக் கணு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 தடவை துடிப்பைக் கிளப்பும். ஓய்ந்திருக்கும் ஆளின் நாடி 70 அளவில் நிற்பதற்குக் காரணம் வேகஸ்தான். இறம்பொடை வளைவுகளில் இறங்கும் பஸ்ஸைச் சாரதி இடைவிடாமல் பிரேக்கில் வைத்திருப்பதைப் போல, அது இதயத்தை எந்நேரமும் பிடித்திருக்கிறது. அதன் கட்டளை ஓரிரு துடிப்புக்குள் பலிக்கும். பரிவு நரம்பின் கட்டளைக்குச் சில விநாடிகள் வேண்டும்.

இந்தப் பிடியைத் தளர்த்தும் பொருளும் 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. 1869இல் ஒஸ்வால்ட் ஷ்மீடெபெர்க்கும் ரிச்சர்ட் கோப்பேயும், காளானில் கிடைக்கும் மஸ்கரீன் தவளையின் இதயத்தை வேகஸைப் போலவே நிறுத்துவதையும், அற்றோப்பீன் அதை மீண்டும் துடிக்க வைப்பதையும் எழுதினார்கள். அற்றோப்பீன் நம் ஊமத்தையின் குடும்பச் செடிகளில் ஊறும் பொருள். ஒரு வேதிப்பொருள் நரம்பின் வேலையை அப்படியே செய்கிறதென்றால், நரம்பு பேசும் மொழியே வேதிப்பொருளாக இருக்கலாமல்லவா? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க அரை நூற்றாண்டு பிடித்தது.

1921இல் கிராஸ் நகரில் ஒட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றின் வேகஸைத் தூண்டி அதை மந்தமாக்கினார். அதற்குள் இருந்த உப்புக் கரைசலை எடுத்து மற்ற இதயத்துக்குள் விட்டார். எந்த நரம்பும் தொடாத அந்த இரண்டாவது இதயமும் மந்தமாயிற்று. வேகஸ் சுரந்த அப்பொருள் அசற்றைல்கோலின் என்பது பின்னர் உறுதியானது. 1936இல் லோவியும் ஹென்றி டேலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நம் நாட்டைத் தொடும் கண்டுபிடிப்பு இதற்கு இடையில் வந்தது. அசற்றைல்கோலினை உடனுக்குடன் சிதைக்கும் நொதியம் ஒன்று உடலில் உண்டென்றும், பைசோஸ்டிக்மின் என்ற தாவர நஞ்சு அதை முடக்குகிறதென்றும் 1926இல் லோவியும் நவ்ராட்டிலும் காட்டினார்கள். லோவி பரிசு பெற்ற அதே 1936இல், ஜெர்மனியில் பூச்சிக்கொல்லி தேடிய கெர்ஹார்ட் ஷ்ராடர் அதே நொதியத்தை முடக்கும் ஒர்கனோபொஸ்பரஸ் சேர்மமான டபுன் என்னும் போர் நஞ்சில் போய் நின்றார். 1940களில் அவரது கூடத்திலிருந்து பரத்தியோன் வந்தது. பிறகு இந்த இனத்துப் பீடைகொல்லிகள் உலகெங்கும் வயல்களை அடைந்தன. இலங்கையில் வயலிலும் தோட்டத்திலும் மட்டுமன்றி வீட்டு மூலையிலும் அந்தப் போத்தல்கள் இடம்பிடித்தன. கோபமோ வேதனையோ மூண்ட ஒரு கணத்தில் எட்டும் தூரத்தில் அவை இருந்ததுதான் பெரும் கேடாயிற்று.

நொதியம் முடங்கினால் அசற்றைல்கோலின் தேங்குகிறது. கண்மணி சுருங்கும், உமிழ்நீரும் வியர்வையும் பெருகும், நுரையீரல் நீர் கோர்க்கும், இதயம் மந்தமாகும். ஆனால் பரிவு நரம்பு முடிச்சுகளும் அதே அசற்றைல்கோலினால்தான் இயங்குகின்றன. ஆகவே சிலருக்கு நாடி விரைவாகவும் ஓடும். நாடியை மட்டும் எண்ணி முடிவெடுக்கும் வைத்தியர் ஏமாறலாம். இலங்கை அனுபவத்திலிருந்து மைக்கல் எடில்ஸ்டன் குழுவினர் 2004இல் இளம் வைத்தியர்களுக்கு எழுதிய வழிமுறை இதைக் கணக்கில் எடுத்தது. அற்றோப்பீனின் அளவை ஐந்து நிமிடத்துக்கொருமுறை இரட்டிக்க வேண்டும். நுரையீரல் தெளிந்து, நாடியும் இரத்த அழுத்தமும் 80ஐத் தாண்டும்வரை நிறுத்தக் கூடாது. நோயாளியின் அக்குளுக்குள் கைவைத்து ஈரம் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அதில் அடக்கம்.

இதற்கு முன்பே பேராதனையில் இன்னும் ஆழமான ஒன்று தெரிந்திருந்தது. 1987இல் பேராதனை நரம்பியலாளர் நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் பத்து நோயாளரைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் நெருக்கடி தணிந்துவிட்டது. ஆளும் தப்பிவிட்டார் என்று தோன்றுகிறது. நஞ்சேறி ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் அவரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிவதில்லை. பிறகு மூச்சுத் தசைகளும் சோர்கின்றன. இதை அவர்கள் ‘இடைநிலை நோய்க்குறித்தொகுதி’ என்று வகுத்தார்கள். அற்றோப்பீன் இதயத்திலும் சுரப்பிகளிலும் உள்ள வாங்கிகளை மட்டுமே மறிக்கிறது. தசையில் உள்ளவற்றை அது தொடுவதில்லை. நாடி சீரானதை நம்பிக் கண்காணிப்பை விட்டுவிடக் கூடாது என்று உலகம் கற்றது இங்கிருந்துதான். லோவியின் பெயர் வரும் பக்கத்திலேயே இவ்விருவரின் பெயரும் வர வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

எனினும் அதிக உயிர்களைக் காத்தது மருத்துவமன்று, சட்டமே. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1984இல் பரத்தியோனும் மெத்தில் பரத்தியோனும், 1995இல் மொனோகுரொட்டபொஸ், மெத்தமிடொபொஸ் ஆகியவையும் தடைசெய்யப்பட்டன. 1995இல் இலட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை வீதம் பத்தாண்டில் ஏறத்தாழப் பாதியானது. 1996 முதல் 2005 வரையான தற்கொலைகள் அதற்கு முந்திய பத்தாண்டைவிட 19,769 குறைவு என்று டேவிட் கனெல் குழுவினர் 2007இல் கணக்கிட்டார்கள். நஞ்சேறி வைத்தியசாலைக்கு வந்தவர்களின் தொகை அவ்வாறு குறையவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வந்தவர்கள் பிழைத்தார்கள், ஏனென்றால் கையில் கிடைத்த பொருளின் கடுமை குறைந்திருந்தது.

2008க்கும் 2011க்கும் இடையில் டைமெத்தோயேற், ஃபென்தியோன், பரக்குவாற் ஆகியவையும் படிப்படியாக விலக்கப்பட்டன. ஆனாலும் இதே நொதியத்தை முடக்கும் வேறு சேர்மங்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. மழையும் மூடுபனியும் வளைவுகளும் உள்ள இந்த வீதியில் நோயாளியைக் கீழே கொண்டுசெல்ல நேரம் பிடிக்கும். ஆகவே மலையகத்தின் சிறிய வைத்தியசாலைகளில் போதிய அற்றோப்பீனும், அதை இரட்டித்துக் கொடுக்கப் பழகிய கைகளும் இருந்தாக வேண்டும்.