இரண்டாம் பெயருக்கு இடம்: ஆட் ஆன் டொமைன் பிறந்த கதை

ஆம்பூரில் ஷூவுக்கு அப்பர் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் ஒன்றை நடத்துகிறவர் அவர். அவருடைய வெப்சைட்டை ஏழெட்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வருடம் மகன் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்தான். வெட்டியது போக மிச்சம் விழும் தோலில் பெல்ட்டும் பர்ஸும் செய்து தனிப் பெயரில் விற்கலாம் என்று யோசனை சொன்னான். சொன்ன கையோடு அந்தப் பெயரை ஆன்லைனில் வாங்கியும் விட்டான். அதன் பிறகுதான் எனக்கு போன் வந்தது.

“தம்பி, பேரு வாங்கியாச்சு. அந்தப் பேருக்கும் தனியா இடம் வாங்கணுமா? இன்னொரு வாடகை கட்டணுமா?”

“வேணாம் பாய். இப்ப இருக்கிற ஹோஸ்டிங்லயே சேர்த்துடலாம். ஆட் ஆன் டொமைன்னு ஒண்ணு இருக்கு.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: “ஒரே இடத்துல ரெண்டு பேரு இருந்தா, வர்றவன் யாரத் தேடி வந்தான்னு அதுக்கு எப்படிப்பா தெரியும்?”

இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எத்தனையோ பேருக்கு இரண்டாவது, மூன்றாவது பெயர் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் இதைக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். 1990களின் நடுப்பகுதி வரை அதற்குத் தெரியாது என்பதுதான் விடை.

இணையத்தில் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று ஐபி எண் என்ற எண்ணால்தான் அடையாளம் காண்கின்றன. பெயர் நமக்காக வைத்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் ஒரே ஒரு கோப்பாக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. தேவைப்பட்டவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகியபோது அந்தக் கோப்பைக் கட்டி மேய்க்க முடியவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ், பட்டியலை உலகம் முழுக்கப் பிரித்து வைத்து, கேட்கிறவருக்குக் கேட்ட பெயரின் எண்ணை மட்டும் தேடித் தரும் ஏற்பாட்டை வகுத்தார். டிஎன்எஸ் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் டாட் காம் என்ற முதல் டாட் காம் பெயர் பதிவானது.

வெப் அதற்கும் பின்னால் வந்தது. ஜெனீவா அருகே உள்ள சர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய முதல் எச்டிடிபியில், பிரவுசர் சர்வரிடம் பேசுவது ஒரே வரி. ‘கெட்’ என்று ஒரு சொல், அதன் பின்னால் எந்தப் பக்கம் வேண்டும் என்ற பாதை. அவ்வளவுதான். நாம் தட்டிய பெயரை பிரவுசர் எண் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்தும். எண் கிடைத்ததும் பெயரை அங்கேயே விட்டுவிட்டு, எண்ணுள்ள கதவைப் போய்த் தட்டி, “முதல் பக்கத்தைக் கொடு” என்று கேட்கும். யாருடைய முதல் பக்கம் என்று சொல்லாது. அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சர்ன் கம்ப்யூட்டரில் சர்ன் பக்கங்கள்தான் இருந்தன. ஒரே குடும்பம் குடியிருக்கும் வீட்டில், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று வாசலில் கேட்க வேண்டிய அவசியம் வராது.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் பாய் பிடித்துக்கொண்டார். “லாட் குத்தாத தோல் மாதிரின்னு சொல்லு.”

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் சொந்த டேனரி இல்லாத தோல் வியாபாரிகள் பல பேர். கச்சாத் தோலை வாங்கி, இன்னொருவருடைய டேனரியில் ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துப் பதனிட்டு எடுத்துக்கொள்வார்கள். ஒரே கூரையின் கீழ் மூன்று நான்கு பார்ட்டிகளின் சரக்கு இருக்கும். சுண்ணாம்பில் கிடந்து, மயிர் போய், டிரம்மில் குரோமோடு உருண்டு வெளியே வரும்போது எல்லாத் தோலும் ஒரே ஈர நீலம். அந்தத் தண்ணீரில் மையும் நிற்காது, காகிதச் சீட்டும் தாங்காது. அதனால் ஒவ்வொரு தோலின் ஓரத்திலும் துளை குத்தி அடையாளம் வைத்துவிடுவார்கள். எத்தனை துளை, எந்த வரிசை என்று விரலால் தடவிப் பார்த்தே இது யாருடைய லாட் என்று சொல்லிவிடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் துளைதான் ஒரு டேனரியைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்ள விடுகிறது. துளை இல்லாத காலம் என்று ஒன்று இருந்திருந்தால், பார்ட்டிக்கு ஒரு டேனரி கட்டியிருக்க வேண்டும்.

வெப்பில் அப்படித்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1994, 1995-ல் வியாபார நிறுவனங்கள் வெப்புக்குள் வர ஆரம்பித்தன. ஹோஸ்டிங் நடத்தியவர்கள் ஒரே கம்ப்யூட்டரில் பலருடைய பக்கங்களை வைக்க ஒரு வழி கண்டார்கள்: அந்த ஒரு கம்ப்யூட்டருக்கே பல ஐபி எண்களைக் கொடுப்பது, ஒவ்வொரு பெயரையும் தனித்தனி எண்ணுக்குத் திருப்புவது. வந்தவர் எந்தக் கதவைத் தட்டினார் என்பதை வைத்து அவர் தேடி வந்த ஆள் யார் என்று முடிவு செய்வார்கள். வழி சரிதான், ஆனால் பெயருக்கு ஒரு எண் செலவு. மொத்த எண்களே சுமார் 429 கோடிதான். நான்கு பக்கம் மட்டுமே உள்ள ஒரு கடையின் வெப்சைட்டுக்கும் அதிலிருந்து முழுதாக ஒரு எண் போனது. பெயரும் இலவசமாக இல்லை. 1995 செப்டம்பரில் இருந்து டாட் காம் பெயருக்கு இரண்டு வருடத்துக்கு 100 டாலர் என்று கட்டணம் வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்திருந்தது. முதலில் இணைப்புக் கிடைத்த ஊர்களில் சென்னையும் ஒன்று. ஆனால் ஒரு சின்ன முதலாளிக்கு அப்போது இரண்டாவது பெயர் என்ற எண்ணமே வந்திருக்காது. முதல் பெயரே பெரிய செலவு.

தீர்வு ஒரு வரியாக வந்தது. பிரவுசர் தன் கோரிக்கையோடு ‘ஹோஸ்ட்’ என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, பயனர் தட்டிய பெயரையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அவ்வளவே. எண் தேடும்போது கைவிட்ட பெயரைக் கதவு வரைக்கும் எடுத்து வரச் சொன்னார்கள். 1996-ல் வந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2 என்ற பிரவுசர் அந்த வரியை அனுப்பியது. அதே ஆண்டு வந்த அப்பாச்சி 1.1 என்ற சர்வர் மென்பொருள் அதை வாசித்துப் பெயருக்கு ஏற்ற ஃபோல்டரைத் திறந்தது. 1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 வரையறை அதைக் கட்டாயமாக்கியது: ஹோஸ்ட் வரி இல்லாமல் வரும் கோரிக்கையை சர்வர் 400 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்ப வேண்டும். ஐபி எண்களை மிச்சப்படுத்துவதற்காகவே இந்த மாற்றம் என்று அந்த வரையறையே வெளிப்படையாகச் சொல்கிறது. வெப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் படம் வந்ததையும் தேடுபொறி வந்ததையும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்த ஒற்றை வரிக்கு யாரும் ஒரு பத்தி கூடக் கொடுப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். சின்ன ஆட்களுக்குச் சொந்தப் பெயரில் வாசல் திறந்தது இந்த வரிதான்.

ஆனால் கதவு திறந்தாலும் சாவி வாடிக்கையாளர் கையில் இல்லை. அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில், இன்ன பெயர் வந்தால் இன்ன ஃபோல்டர் என்று சர்வர் நிர்வாகி கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். எழுதி முடித்து சர்வரை மறுபடி துவக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் அந்த சர்வரில் உள்ள அத்தனை பேருடைய வெப்சைட்டும் நிற்கும். அதனால் பெயர் சேர்ப்பது என்றால் ஹோஸ்டிங் கம்பெனியைக் கேட்டுக் காத்திருப்பது என்று அர்த்தம். 1996-ல் நிக் கோஸ்டன் என்ற அமெரிக்க இளைஞர் ஒரு ஹோஸ்டிங் கம்பெனிக்காக எழுதத் தொடங்கிய கண்ட்ரோல் பேனல்தான் சிபேனல். அமைப்புக் கோப்பைத் தொடாமல், பிரவுசரிலேயே பெட்டியில் பெயரைத் தட்டிப் பட்டனை அழுத்தினால் அந்த வரிகளைப் பேனலே எழுதிக்கொள்ளும். கணக்கின் முதல் பெயருக்கு மேல் சேர்ப்பதால் அது ஆட் ஆன் டொமைன். அதே வெப்சைட்டை வேறு பெயரிலும் காட்டினால் பார்க்டு டொமைன். பின்னாளில் அலியாஸ் என்றார்கள். இப்போதைய பேனலில் இரண்டும் ‘டொமைன்ஸ்’ என்ற ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

உள்ளே நடப்பதையும் சொல்ல வேண்டும். சிபேனலில் ஆட் ஆன் டொமைன் சேர்த்தால், பேனல் முதலில் உங்கள் பழைய பெயருக்குக் கீழே ஒரு சப்டொமைனை உண்டாக்கும். புதிய பெயரை அதன் மேல் ஒட்ட வைக்கும். வெளியில் பார்க்கிறவருக்குப் புதுப் பெயர் மட்டும் தெரியும். உள்ளே அது மூத்தவரின் வீட்டில் ஒரு அறை. முதல் பெயரைக் கைவிட நினைத்தால் அதன் கீழே தொங்குபவை எல்லாம் கேள்விக்குறியாகும். கணக்கு தொடங்கும்போதே, எந்தப் பெயர் கடைசி வரை நம்மோடு இருக்குமோ அதை முதல் பெயராக வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பல வருடத்துக்கு முன்னால் ராணிப்பேட்டையில் கெமிக்கல் வியாபாரம் செய்யும் ஒருவருக்கு இரண்டாவது பெயர் சேர்க்க வேண்டி வந்தது. பெயரை சர்வரின் எண்ணுக்குத் திருப்பிவிட்டேன். பேனலில் சேர்க்க மறந்துபோனேன். மறுநாள் காலையில் அவர் கூப்பிட்டார். “என்னங்க, என் பேரை அடிச்சா யாரோட கல்யாண மண்டபமோ வருது?” நடந்தது இதுதான். பிரவுசர் சரியான கதவுக்கு வந்தது, ஹோஸ்ட் வரியில் அவர் பெயரையும் சொன்னது. அந்தப் பெயர் சர்வரின் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் அப்பாச்சி தன் பட்டியலில் முதலில் உள்ள வெப்சைட்டைத் திறந்து காட்டிவிடும். அந்த சர்வரில் முதலில் இருந்தது யாரோ முகம் தெரியாதவரின் மண்டபம். தவறு முழுக்க என்னுடையது. ஒரு நாள் முழுக்க அவருடைய வாடிக்கையாளர்கள் மண்டபத்தைப் பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து, முதலில் பேனலில் பெயரைச் சேர்த்து ஃபோல்டரில் ஒரு பக்கமாவது வைத்துவிட்டு, அப்புறம்தான் பெயரை எண்ணுக்குத் திருப்புகிறேன்.

பூட்டுப் போட்ட வெப்சைட்டுக்கு இதே சிக்கல் இன்னொரு முறை வந்தது. எச்டிடிபிஎஸ் இணைப்பில் சர்வர் தன் சான்றிதழைக் காட்டிய பிறகுதான் ரகசியப் பேச்சு தொடங்கும். ஹோஸ்ட் வரி அந்த ரகசியப் பேச்சுக்குள் வருவது. யார் பெயர் என்று கேட்பதற்கு முன்பே யாருடைய சான்றிதழைக் காட்டுவது? மறுபடி பெயருக்கு ஒரு எண் என்ற பழைய நிலைதான். 2003-ல் எஸ்என்ஐ என்ற சேர்க்கை வந்தது. கை குலுக்கும்போதே பிரவுசர் பெயரைச் சொல்லிவிடும். ஆனால் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அது தெரியாது. 2014-ல் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தும் வரை, பத்து வருடத்துக்கு மேல், தனி எண் வாங்கச் சொல்லித்தான் பூட்டு கேட்டவர்களுக்குப் பில் போட்டோம். இதற்கிடையில் 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த எண்கள் தீர்ந்தன. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் எல்லோருக்கும் இலவசச் சான்றிதழ் தரத் தொடங்கிய பிறகு, ஆட் ஆன் பெயருக்கும் பூட்டு காசில்லாமல் வந்தது.

டாட் இன் பெயர்களின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1992-ல் இருந்து 2004 வரை மொத்தம் 7,000 பெயர்கள்தான் பதிவாகியிருந்தன. 2005-ல் விதிகளைத் தளர்த்தி யாரும் வாங்கலாம் என்று திறந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து ஷூ கம்பெனிக்காரர்கள் பலர் டாட் காமோடு டாட் இன்னையும் வாங்கி ஒரே கணக்கில் சேர்க்கச் சொன்னது அதற்கு அப்புறம்தான்.

2019 நவம்பர் 28 அன்று எங்கள் வேலூர் மாவட்டமே மூன்றானது. ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது, ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போனது. புது மாவட்டங்களுக்குக் கலெக்டர் அலுவலகத்துக்கு இடம் பார்த்தார்கள், பலகை எழுதினார்கள். வெப்சைட்டுக்கு அந்த அலைச்சல் இல்லை. தேசிய தகவலியல் மையம் நாடு முழுக்க மாவட்டங்களின் தளங்களை எஸ்3வாஸ் என்ற ஒரே ஏற்பாட்டில் வைத்து நடத்துகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் இன்று அங்கேதான் இருக்கின்றன. மூன்றையும் பிரித்துக் காட்டுவது பிரவுசர் சொல்லும் அந்தப் பெயர்தான்.

பாயின் யூனிட்டுக்குப் போய் மகனை உட்காரவைத்து அவன் கையாலேயே சேர்க்கச் சொன்னேன். பெயர், ஃபோல்டர், பட்டன். பிறகு கறுப்புத் திரையைத் திறந்து, அவர்கள் புதுப் பெயருக்கு ஒரு கோரிக்கை அனுப்பி, போகும் வரிகளைக் காட்டினேன். இரண்டாவது வரி, ஹோஸ்ட். அதன் பக்கத்தில் பெல்ட், பர்ஸ் பெயர். பாய் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, திரையில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். “இதுதானா அது?” என்றார்.

“இதுதான் பாய்.”

“இதுக்கு வருஷத்துக்கு எவ்வளவு?”

இடத்துக்கு ஏற்கெனவே கட்டியதுதான், கூடுதலாக ஒன்றும் இல்லை, பெயருக்கு மட்டும் வருடா வருடம் தனியாகப் புதுப்பிக்க வேண்டும் என்றேன். பேரேட்டை எடுத்து வரச் சொன்னார். பழைய பெயருக்கு ஜூன், புதுப் பெயருக்கு நவம்பர், இடத்துக்கு மார்ச் என்று மூன்று தேதியையும் மகனை விட்டு எழுத வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் முன்னால் இன்னொரு பக்கத்திலும் குறிக்கச் சொல்லிவிட்டு, டீ சொல்லப் பையனை அனுப்பினார்.