கைக்குழந்தைக்குப் புருவம் மெலிந்திருக்கிறதா? மை தீட்டும் முன் கவனியுங்கள்

சுங்கை ரம்பாய் – குழந்தைக்குப் புருவம் தெரியவில்லை என்றால் பல வீடுகளில் முதலில் கைக்கு வருவது விளக்கெண்ணெயும் மையும்தான். வழித்துவிட்டால் அடர்த்தியாகும் என்பாரும் உண்டு.

புருவ முடி தாயின் வயிற்றிலேயே முளைத்துவிடுகிறது. பிறந்தபோது மென்மையாக, நிறம் மங்கி இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாதங்கள் செல்லச் செல்லத் தானே கறுக்கும். அடர்த்தி பெரும்பாலும் பரம்பரையைப் பொறுத்தது. முடியின் வேர் தோலுக்கு அடியில் இருப்பதால், வழிப்பதால் அடர்த்தி கூடாது. கண்ணருகே பிளேடு பட்டால் ஆபத்து.

மையில்தான் கூடுதல் கவனம் தேவை. கடைகளில் விற்கும் சில மை, சுர்மா வகைகளில் ஈயம் கலந்திருக்கும். 2011-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இமையில் ‘திரோ’ என்ற நைஜீரிய மை பூசப்பட்ட 6 மாதக் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது கண்டறியப்பட்டது. அந்த மையில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஈயம் இருந்தது. குழந்தை கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கும். உள்ளே போகும் ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

திருஷ்டிப் பொட்டு வைப்பதென்றால், வீட்டில் விளக்குக் கரியில் எடுத்த மையைக் காதுக்குப் பின்னால் வைக்கலாம். கடை மையாக இருந்தால், சுகாதார அமைச்சின் என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் அதன் பெயர் உள்ளதா எனப் பாருங்கள்.

புருவத்தில் மஞ்சள் செதில் படிந்தால் சிறிது பேபி ஆயில் தடவி, ஊறியதும் மென்துணியால் துடைத்தால் போதும். புருவம் வட்டமாக உதிர்ந்தாலோ, தோல் சிவந்து நீர் வடிந்தாலோ, பிள்ளை தானே முடியைப் பிடுங்கினாலோ அருகிலுள்ள அரசு கிளினிக்கில் காட்டுங்கள்.