சேர்வராயன் மலைக் குழந்தையின் ஜீவனாம்சம்: திருமணம் என்ற தேவையற்ற கேள்வி

சேர்வராயன் மலையின் மலையாளிகள் தமிழ் பேசும் மலைக்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணுவோர் இன்னும் உண்டு. சேலம் மாவட்டத்தில் அவர்கள் பட்டியல் பழங்குடியினர். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டமும் மத்திய அரசு தனியே அறிவிக்கை வெளியிட்டாலன்றிப் பழங்குடியினருக்குப் பொருந்தா. இரண்டிலும் 2(2)ஆம் பிரிவு இதையே சொல்கிறது.

இந்த விலக்கு வழக்காறுகளைக் காக்கும். ஆனால் குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு மாறுகிறது. பழங்குடிப் பட்டியல் மலையாளிகளை மாவட்டவாரியாகவே ஏற்கிறது: சேலமும் தருமபுரியும் அதில் உண்டு, ஈரோடு இல்லை. எனவே ஈரோட்டின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிக் குழந்தை 1956 சட்டத்தின் 20ஆம் பிரிவைக் காட்டித் தகப்பன்மேல் உரிமையியல் வழக்குப் போடலாம். அதே இனத்தைச் சேர்ந்த, சேர்வராயன் மலையின் ஏற்காட்டுக் குழந்தைக்கு அந்தப் பிரிவு இல்லை. வழக்காற்றை நம்பி வந்தால் அதை மனுவிலேயே சொல்லிச் சான்றுகளோடு நிறுவ வேண்டும் என்பது சூரஜ்மணி வழக்கில் (2001) உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனை. எழுத்தில் இல்லாத வழக்காற்றுக்குச் சாட்சி தேடிக் கொண்டுவருவது குழந்தையின் தாயின் பாடு.

ஆகவே ஏற்காட்டுக் குழந்தைக்கு உண்மையில் கைகொடுப்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவுதான். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. இதற்கு மதமும் சாதியும் பொருட்டல்ல. திருமண உறவில் பிறந்த குழந்தை, அதற்கு வெளியே பிறந்த குழந்தை இரண்டையும் அது ஒரே வரியில் வைக்கிறது. தகப்பன் யார், அவனுக்கு வசதி உண்டா, கவனிக்காமல் விட்டானா: விசாரணை இவ்வளவோடு நிற்க வேண்டியது.

நிற்காமல் போவதற்கு வழக்கமான மனுவின் அமைப்பே வழி செய்கிறது. தாய் தனக்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே மனுவாகப் போடுகிறாள். எதிர்மனுதாரர் ‘முறைப்படி கல்யாணமே நடக்கவில்லை’ என்கிறார். அது மனைவியின் கோரிக்கையைப் பாதிக்கக்கூடிய வாதம். குழந்தையின் கோரிக்கையைத் தொடவே தொடாது. ஆனாலும் இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால், கல்யாணச் சாட்சிகள் மலையிலிருந்து சேலத்துக்கு வந்து போகும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் குழந்தையின் பணமும் காத்திருக்கலாம். என் வாதம் இதுதான்: ஒரே மனுவாக இருந்தாலும் குழந்தையின் இடைக்கால ஜீவனாம்சத்தை முதலில் தனியே முடிவு செய்ய வேண்டும். 125ஆம் பிரிவுக்கு வந்த 2001 திருத்தம், நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் இயன்றவரை இடைக்கால மனுவை முடிக்கச் சொல்கிறது. அதே திருத்தம்தான் மாத ஜீவனாம்சத்துக்கு இருந்த 500 ரூபாய் உச்சவரம்பையும் நீக்கியது.

அடுத்தது, தகப்பனிடம் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கும் ‘போதிய வசதி’. காப்பித் தோட்டக் கூலிக்கும் மிளகு பறிப்பவருக்கும் சம்பளச் சீட்டு ஏது? உடல்திடமுள்ளவர் உழைத்தாவது காப்பாற்ற வேண்டும் என்று அஞ்சு கார்க் வழக்கில் (2022) உச்ச நீதிமன்றம் சொன்னது உதவும். தொகையை நிர்ணயிக்க அது போதாது. ரஜ்னேஷ் எதிர் நேகா தீர்ப்பு (2020) சொத்து, கடன் விவரங்களுக்கான பிரமாணப் பத்திரத்தைக் கட்டாயமாக்கியபோது மூன்று படிவங்களைத் தந்தது: பொதுவானது ஒன்று, விவசாயிகளுக்கு ஒன்று, மேகாலயாவுக்கென்றே ஒன்று. ஒரு மாநிலத்தின் பழங்குடி வாழ்க்கைக்குத் தனிப் படிவம் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகு, சேர்வராயன் மலைக்குப் பொதுப் படிவத்தை நீட்டுவது பொருந்தாது. குறைந்தபட்சம் நிலமும் விளைச்சலும் கால்நடையும் கேட்கும் விவசாயப் படிவத்தையாவது நீதிமன்றம் கேட்டுப் பெறலாம்.

நிலுவை வசூலுக்கு வேறொரு கெடு உண்டு. தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுத்தால்தான் வசூல் வாரண்டு பிறக்கும். பிறகும் கட்டாவிட்டால் அந்தந்த மாத நிலுவைக்கு ஒரு மாதம் வரை சிறை. கூலி வேலைக்கு வெளியூர் போன தகப்பன் திரும்பட்டும் என்று காத்திருக்கும் தாய்க்கு, உத்தரவு வழங்கும் அன்றே இந்தக் கெடுவைத் தமிழில் எழுதிக் கொடுப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.