நடந்து வந்ததா, இருந்து விளைந்ததா: கொல்லிக் கல வாங்கிகளும் திருகோணமலைக் கரையும்

தென்னிந்தியரின் நிர்ப்பீடனத்தில் பங்குகொள்ளும் இயற்கைக் கொல்லிக் கலங்களைப் பற்றிப் பேசும் எவரும் ராஜா ராஜலிங்கமும் அவருடன் பணியாற்றியோரும் 2008இல் 'இம்யூனோஜெனட்டிக்ஸ்' ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையிலிருந்தே தொடங்க வேண்டும். முள்ளுக்குறும்பர், காணிக்காரர், பரவர் ஆகிய மூன்று குடிகளிடம், அக்கலங்களின் வாங்கிகளை ஆக்கும் கே.ஐ.ஆர். பரம்பரையலகுகளைத் தேடிய கட்டுரை அது. அதன் தரவு இன்றும் பெறுமதியானது. அத்தரவின் மேல் எழுப்பப்பட்ட வரலாற்று வாசிப்பைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அவ்வாசிப்பின்படி, இவ்வலகுகளின் இரு தொகுதிகளுள் ஏவும் வாங்கிகள் கூடுதலாக உள்ள பி தொகுதி இந்தியக் குடிகளிடமும் அவுஸ்திரேலிய, அமெரிக்கப் பழங்குடிகளிடமும் ஓங்கி நிற்கிறது. வடகிழக்கு ஆசியரிடம் ஏவும் வாங்கிகள் குறைந்த ஏ தொகுதியே மிகுதி. ஆபிரிக்காவை விட்டு நெடுந்தொலைவு பெயர்ந்தோர் வழியெங்கும் புதிய சூழல்களோடு மல்லுக்கட்டியதே பி தொகுதிக்கு வாய்ப்பளித்தது என்பது முடிபு. மனிதர் தெற்காசியக் கரையோரமாகப் பரவினர் என்னும் தெற்குக் கரைவழிப் பெயர்வுக் கோட்பாட்டோடு இது சிக்கலின்றிப் பொருந்திவிடுகிறது. அப்படியானால் திருகோணமலையும் அந்த வழியில் வரும் ஓர் இடமே. எனவே இவ்வாசிப்பின் பலம், பலவீனம் இரண்டும் எங்கள் கரையையும் தொடுகின்றன.

முதல் மறுப்பு எண்ணும் முறை பற்றியது. ஒரு பரம்பரையலகு இருக்கிறதா, இல்லையா என்று பார்த்து, இருப்பதையெல்லாம் வேலை செய்வதாகக் கொள்வது ஆபத்தானது. 2டிஎஸ்4 என்ற ஓர் அலகை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2டிஎல்4ஐ ஒதுக்கினால், ஏ தொகுதியில் உள்ள ஒரே ஏவும் அலகு இதுதான். இதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. முழு வடிவம் கலத்தின் மேற்பரப்பில் நின்று, மற்றக் கலங்களின் மேற்பரப்பிலுள்ள எச்.எல்.ஏ. மூலக்கூறுகள் சிலவற்றை அடையாளம் காண்கிறது. மற்ற வடிவத்தில் 22 மூலச் சோடிகள் விடுபட்டுள்ளன. 22 மூன்றால் வகுபடாத எண் என்பதால் வாசிப்புச் சட்டகம் நழுவுகிறது. புரதம் இடையிலேயே முடிந்துவிடுகிறது. மென்சவ்வில் ஊன்றி நிற்க வழியில்லை. ஐரோப்பியரிடம் இக்குறை வடிவமே மிகுதி. இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் கேட்டால் இரண்டுக்கும் 'இருக்கிறது' என்றே விடை வரும். பி தொகுதிப் பக்கமும் இதே நிலைதான்: 2டிஎஸ்3 மேற்பரப்பை அடைவது அரிது. ஆக, பி என்றாலே கூடுதல் ஏவும் வலிமை என்ற சமன்பாடு காகிதத்தில் தெரியும் அளவுக்கு உடலில் உறுதியானதல்ல. தவிர, இவ்வாங்கிகள் 19ஆம் நிறமூர்த்தத்திலும் அவை பற்றும் எச்.எல்.ஏ. மூலக்கூறுகளின் அலகுகள் 6ஆம் நிறமூர்த்தத்திலும் இருக்கின்றன. இரண்டும் தனித்தனியே கடத்தப்படுபவை. ஒன்றை மட்டும் எண்ணிவிட்டு ஒரு குடியின் நிர்ப்பீடனத்தை எடைபோட முடியாது.

அடுத்தது ஒப்புமை. மூன்று கண்டத்தார் ஒத்திருப்பதால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நியதியில்லை. வெனிசுவேலாவின் யுக்பா மக்களைப் பற்றிய 2009ஆம் ஆண்டு ஆய்வு, சிறுத்துப்போன ஒரு குடியில் இவ்வலகுகளின் வகைமை எந்த அளவுக்குச் சுருங்கக்கூடும் என்று காட்டியது. அமெரிக்கப் பக்கத்தில் தற்செயலான பிறப்புரிமை நகர்வுக்குப் பெரும் பங்கு தரவேண்டும்.

இந்தியப் பக்கத்துக்கு நான் முன்வைப்பது பயணத்தையல்ல, தங்கலை. தாய்லாந்துத் தரவைக் கொண்ட 2012ஆம் ஆண்டு ஆய்வொன்று, 2டிஎல்3 வாங்கியும் சி1 வகை எச்.எல்.ஏ.யும் சேர்ந்திருப்போருக்கு மூளை மலேரியா கூடுதலாக வருவதைக் காட்டியது. 2டிஎல்3 ஏ தொகுதிக்குரியது; பி தொகுதியில் அதன் இடத்தில் இருப்பது 2டிஎல்2. தலைமுறை தலைமுறையாக மலேரியா நிலவிய மண்ணில் ஏ மெல்லத் தேய்ந்து பி ஏறியிருக்கலாம். திருகோணமலை அத்தகைய வறண்ட வலய மண். 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையின் தென்மேற்கில் கேகாலை போன்ற பகுதிகளைச் சூறையாடியபோது, காய்ச்சலோடு ஓயாது வாழ்ந்த வறண்ட வலயத்தில் அந்த அளவுக்குச் சாவு நேரவில்லை. அது ஆளுக்கு ஆள் வாழ்நாளில் ஈட்டிய நிர்ப்பீடனம் என்பதே பொதுவான விளக்கம். ஆனால் அதே அழுத்தம் நெடுங்காலம் தொடர்ந்தால் பரம்பரையலகிலும் தடம் பதிக்கும்.

இவ்வாதத்தின் மெலிந்த இடத்தை மறைக்க விரும்பவில்லை. பரவர் கடலோரத்தார்; காட்டு மலேரியாவின் பிடி காணிக்காரர் மீது இருந்த அளவுக்கு அவர்கள் மீது இருந்ததென்று சொல்வது கடினம். மேலும் பி தொகுதி இரு பாதிகளாலானது; 2டிஎல்2 இல்லாத மறுபாதியில் உள்ள 3டிஎஸ்1, 2டிஎஸ்1 அலகுகளும் தெற்காசியரிடம் குறைவில்லை. மேற்சொன்ன மலேரியாத் தரவு அப்பாதியைத் தொடுவதில்லை. அதற்கு மகப்பேற்றைப் பார்க்க வேண்டும். ஏ தொகுதி மட்டுமே உள்ள தாய் சி2 வகை எச்.எல்.ஏ. கொண்ட கருவைச் சுமக்கையில் சூல்வித்தகம் சரிவரப் பதியாமல் முன்சூல்வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது 2004 முதல் அறிந்தது.  ஆக, இரு பாதிகளுக்கும் இரு வெவ்வேறு காரணங்கள் இருந்திருக்கலாம்.

பெயர்வின் காலமும் தீர்ந்தபாடில்லை. இலங்கையின் பாகியன் குகையில் மனிதர் வாழ்ந்து ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் ஆகின்றன. அன்று இலங்கை தீவன்று. பாக்கு நீரிணை நிலமாகக் கிடந்தது. அந்நிலவழியில் வந்தோர் கரையைத்தான் பற்றி நடந்தார்கள் என்று எதைக் கொண்டு சொல்வது? கடல் விழுங்கிய பழங்கரை பெரும்பாலான இடங்களில் வெகுதொலைவில் கிடக்க, திருகோணமலைத் துறைமுக வாயிலிலோ ஆழ்கடற் பள்ளத்தாக்கு கரையோரத்திலேயே இறங்குகிறது. ஆகவே பழங்கரையும் இன்றைய கரையும் இங்கு அதிகம் விலகியிருக்கவில்லை.

இரு வாசிப்புகளையும் சோதிக்க இக்கரையிலேயே ஒரு குடி உண்டு. மூதூர் கிழக்கிலும் வெருகலிலும் வாகரையிலும் தமிழ் பேசி வாழும் கரையோர வேடரைச் செலிக்மன் தம்பதியர் 1911இல் 'தி வெடாஸ்' நூலில் தனியே எழுதினர்; தமிழரோடு பெரிதும் கலந்தவர்கள் என்றனர். அக்கலப்பு சோதனைக்குத் தடையாகாது. அவர்கள் விருப்போடு தரும் மாதிரிகளில், தொகுதியின் இரு பாதிகளையும் தனித்தனியே, எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும். நெடும்பயணமே தேர்ந்திருந்தால் இரு பாதிகளிலும் பி ஒருசேர உயர்ந்திருக்க வேண்டும். மலேரியா மட்டுமே தேர்ந்திருந்தால் 2டிஎல்2 இருக்கும் பாதி மட்டும், அதுவும் சி1 மிகுந்த குடும்பங்களில்.