எஞ்சினுக்கு யார் பெயர்?

பதுளை ஸ்டேஷனுக்கு இப்போது டீசல் கோச்சிதான் வருது. பழைய நீராவி எஞ்சின்களில் பேணி வைத்திருப்பவை சிலதான். அதில் ஒன்று 251ஆம் இலக்க எஞ்சின். 1986இல் தொடங்கிய 'வைஸ்ரோய் ஸ்பெஷல்' சுற்றுலா ரயிலை இழுத்தவற்றில் இதுவும் ஒன்று.

அதன் பெயர் சேர் தோமஸ் மெயிட்லண்ட். 1805 முதல் 1811 வரை இலங்கையின் ஆளுநர். அவர் இறந்தது 1824இல். பதுளைக்குத் தண்டவாளம் வந்தது சரியா நூறு வருசம் கழிச்சு, 1924இல். மனுசன் இலங்கையில் கோச்சியே பார்க்கல!

அதே பாதையில் தேயிலைப் பெட்டிகளை அனுப்பி வைத்த எங்கள் பாட்டன் பாட்டிகளின் பெயர் எந்த எஞ்சினிலும் இல்லை. 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தது. அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயிலுக்கு எங்கள் சனமே பெயர் வைத்தது: ஒப்பாரிக் கோச்சி.

எஞ்சினைப் பேணுவது நல்லதுதான். இந்தப் பெயரையும் நாங்க பேணணும்.