துருக்கியக் கூட்டுவில்

மரம், கொம்பு, தசைநாண் மூன்றையும் ஒட்டி ஒட்டோமான் துருக்கியர் செய்த குட்டை வில். நடுவில் மேப்பிள் மரம். எய்பவரை நோக்கிய பக்கத்தில் அழுத்தம் தாங்கும் எருமைக் கொம்பு. வெளிப்பக்கத்தில் இழுவிசை தாங்கும் மாட்டுத் தசைநாண். நாணைக் கழற்றினால் வில் எதிர்ப்புறம் வளைந்துகொள்ளும். அமெரிக்க இயற்பியலாளர் பால் குளோப்ஸ்டெக் இதைப் பற்றி 1934இல் நூல் எழுதினார்.

வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்குக் கொம்பு ஒட்டுவதே பெரும்பாடு. மரத்திலும் கொம்பிலும் நீளவாக்கில் பள்ளங்கள் கீறி, ஒன்றோடொன்று பொருந்தவைத்து, சூடான விலங்குப் பசை தடவிக் கயிற்றால் இறுக்க வேண்டும். தசைநாணை உலர்த்தி, தட்டி, நார் நாராகப் பிரித்துப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காகப் படியவைப்பர். பிறகு மாதக்கணக்கில் காயவேண்டும்; அவசரக்காரர்களுக்கு ஏற்ற பொழுதுபோக்கு அல்ல. இப்பசை ஈரத்தில் இளகும் என்பதால் இன்று சிலர் கொம்பை ஒட்ட மட்டும் எபாக்சிப் பசை பூசுகிறார்கள்.