நீல அறையின் நாற்காலிகள்

மெத்தை வைத்துத் தைத்த நாற்காலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே இருப்பது மரச்சட்டம். சட்டத்தின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து ஆணி அறைந்த நாடாப் பட்டைகள். அவற்றின்மேல் முரட்டுச் சாக்குத்துணி. அதன்மேல் குதிரைமயிர்த் திணிப்பு. அதனை அடக்கிப் பிடிக்கும் வெண்துணி. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் கண்ணுக்குத் தெரிகின்ற பட்டு. இந்தப் பட்டு பத்து இருபது ஆண்டுகளிலே நைந்துபோகும். அதன்பின் நாடா தளரும். உட்காரும் இடம் குழி விழும். நன்றாக மூட்டிச் செய்த மரச்சட்டமோ, இருநூறு ஆண்டுகள் கழிந்தும் அசையாமல் நிற்க வல்லது. ஒரே பொருளுக்குள்ளே இவ்வாறு வெவ்வேறு ஆயுட்காலங்கள் அமைந்திருப்பதால்தான், ‘மெத்தையையும் உறையையும் மாற்றித் தைப்பதா, நாற்காலியையே மாற்றிவிடுவதா?’ என்னும் கேள்வி வீடுதோறும் எழுகின்றது. நம் இல்லங்களில் உள்ள பிரம்பு நாற்காலிக்கும் இதே வழக்குத்தான். பின்னல் அறுந்துவிட்டது என்பதற்காகத் தேக்குச் சட்டத்தை விறகுக்குப் போடுவாரும் உண்டு. புதுப்பிரம்பு பின்னிப் பேரனுக்கு விட்டுச் செல்வாரும் உண்டு.

இக்கேள்வி ஒரு நாட்டுத் தலைவரின் மாளிகையிலேயே எழுந்தது. அதற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் அளிக்கப்பட்டன. அந்த வரலாற்றையே இன்று மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மாளிகை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டனில் உள்ள வெள்ளை மாளிகை. பொருள், அங்கே நீள்வட்ட வடிவில் அமைந்துள்ள வரவேற்பறையின் நாற்காலிகள்.

1814ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 24ஆம் நாள், போரில் வாஷிங்டனுள் புகுந்த பிரிட்டிஷ் படையினர் அம்மாளிகைக்குத் தீ வைத்தனர். சுவர்கள் நின்றன, உள்ளே இருந்தவை சாம்பலாயின. முதலில் அம்மாளிகையைக் கட்டிய ஜேம்ஸ் ஹோபன் என்னும் சிற்பியே மீண்டும் அதனைக் கட்டியெழுப்பினார். 1817ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மன்றோ அவ்வாண்டின் பிற்பகுதியில் அங்கே குடிபுகுந்தபோது, உட்கார ஆசனம் இல்லை. தட்டுமுட்டுச் சாமான்கள் வாங்கக் காங்கிரஸ் சபை 20,000 டாலர் ஒதுக்கியிருந்தது.

மன்றோ, பிரெஞ்சு நாட்டிலே தூதராக இருந்தவர். அந்நாட்டுக் கைத்திறனை நேரிற் கண்டு பழகியவர். ஆகவே, லஹாவ்ர் துறைமுகத்தில் வாணிகம் செய்துவந்த அமெரிக்க முகவர்கள் வாயிலாகப் பாரிஸ் நகரத்துக்குப் பணி அனுப்பினார். மகாகனி மரத்தில் நாற்காலிகள் வேண்டும் என்பது அவர் கேட்டது. முகவர்களோ, பிரெஞ்சு நாட்டில் வரவேற்பறைக்கு மகாகனி ஆகாது, தனிப்பட்ட பெருமக்கள் வீட்டிலும் அதனை வைப்பதில்லை என்று எழுதிவிட்டு, பொன்முலாம் பூசிய பீச் மரத்தில் செய்வித்து அனுப்பினார்கள். நாட்டின் தலைவருக்கே நாற்காலி விஷயத்தில் நாகரிகம் கற்பித்த வாணிகர்களின் துணிவை எண்ணி நான் பலமுறை சிரித்ததுண்டு.

செய்தவர் பியேர் அந்துவான் பெல்லாஞ்சே என்னும் பாரிஸ் நகரத்துக் கைவினைஞர். வந்து இறங்கியவை மொத்தம் 53 உருப்படிகள்: கைவைத்த நாற்காலிகள் 18, கையில்லாதவை 18, நீண்ட சோபாக்கள் 2, பக்கங்கள் அடைத்த அகன்ற நாற்காலிகள் 2, முதுகில்லாத இருக்கைகள் 4, பாதம் வைக்கும் சிறுமணைகள் 6, அனல் மறைக்கும் தட்டிகள் 2, சுவரோரம் நிறுத்தும் சலவைக்கல் மேசை 1. செந்நிறப் பட்டு உறை; அதிலே பொன்னிழையால் நெய்த கழுகு; கழுகைச் சுற்றி இலைமாலை. கழுகு அந்நாட்டின் சின்னம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்று நாம் ‘நீல அறை’ என்று அழைக்கும் அறை, அந்நாளில் செக்கச் சிவந்த அறையாக இருந்தது.

வெளிநாட்டுப் பொருளுக்குப் பொதுப்பணமா என்னும் முணுமுணுப்பு எழாமல் இல்லை. மாளிகைக்கு வாங்கும் பொருள்கள் இயன்ற வரையில் உள்நாட்டிலேயே செய்தவையாக இருத்தல் வேண்டும் என்று காங்கிரஸ் சபை 1826ஆம் ஆண்டில் சட்டமே செய்தது. எனினும், வந்துவிட்ட நாற்காலிகள் வந்தவையே. அவற்றில் அமர்ந்தவர்கள் மாறினார்கள். அவை இருந்த இடத்திலேயே இருந்தன.

இருபது ஆண்டுகளில் பட்டு நைந்தது. 1837ஆம் ஆண்டில் தலைவராக வந்த மார்ட்டின் வான் பியூரன் காலத்திலே, நம் கேள்விக்கு முதல் விடை கிடைத்தது. நாற்காலிகளை வைத்துக்கொண்டு உறையை மட்டும் மாற்றினார்கள். சிவப்பு போய் நீலம் வந்தது. அறைக்கு நீல அறை என்னும் பெயர் நிலைத்ததும் அதிலிருந்துதான். ஆணிகளைப் பிடுங்கி, பழைய துணியைக் களைந்து, புதுத்துணியை இழுத்து மீண்டும் ஆணி அறைந்தவர்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை. ஆனால் அந்த அறையின் பெயரே அவர்கள் செய்த வேலையால் வந்தது.

சிக்கனமான இவ்விடையும் அரசியலிலிருந்து தப்பவில்லை. 1840ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், பென்சில்வேனியாவைச் சேர்ந்த சார்லஸ் ஓகிள் என்னும் உறுப்பினர், காங்கிரஸ் சபையிலே தொடர்ந்து மூன்று நாள் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். வான் பியூரன் அரண்மனை வாழ்வு வாழ்கிறார் என்பது அதன் சாரம். மாளிகையின் அறை ஒவ்வொன்றாகப் புகுந்து, நாற்காலி, திரைச்சீலை, கரண்டி என்று பட்டியலிட்டுப் பழித்தார். நாடு அப்போது கடும் பொருளாதார நெருக்கடியில் இருந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் வான் பியூரன் தோற்றார். தோல்விக்கு நாற்காலி மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், நெருக்கடியே பெருங்காரணம். ஆனாலும் பசித்திருப்பவன் கண்ணுக்கு மற்றவன் வீட்டுப் பட்டு பளிச்சென்று தெரியும் என்பதை ஓகிள் நன்றாக அறிந்திருந்தார்.

இனி, இரண்டாம் விடைக்கு வருவோம். ஜேம்ஸ் புக்கானன் தலைவராக இருந்தபோது, பெல்லாஞ்சே நாற்காலிகள் நாற்பது ஆண்டுப் பழமை எய்தியிருந்தன. நாற்பது ஆண்டு என்பது ஒரு பொருளுக்கு மிகவும் ஆபத்தான வயது என்பது என் கருத்து. புதியது என்று சொல்லவும் முடியாது. தொன்மை என்று போற்றவும் தோன்றாது. தந்தையார் காலத்துப் பொருளை நாம் பழசு என்கிறோம். பாட்டனாரின் பாட்டனார் காலத்ததைத்தான் பழம்பொருள் என்கிறோம். அதற்குள் வழக்கமும் மாறிவிட்டது. நேர்கோடும் கட்டுப்பாடும் உடைய பிரெஞ்சுப் பேரரசுக் காலப் பாணி போய், வளைவும் நெளிவும் கொழுத்த மெத்தையும் உடைய பாணி வந்தது. பழைய நாற்காலிகள் ஏலத்துக்குப் போயின. 1860ஆம் ஆண்டில் ஏலம் நடந்தது. அவற்றின் இடத்தில், பிலடெல்பியா நகரத்துக் காட்லீப் வால்மர் செய்த புதிய தொகுதி வந்து அமர்ந்தது. அறையின் நடுவிலே, எல்லாப் பக்கமும் பார்த்து உட்காரக்கூடிய வட்டமான பெரிய மெத்தை ஆசனம் ஒன்றும் வந்தது.

இதைக் கேட்டதும் புக்கானன்மீது சினங்கொள்ளுதல் எளிது. நான் அவ்வாறு செய்யமாட்டேன். அவர் கள்ளத்தனமாக எதையும் விற்றுவிடவில்லை. மாளிகையில் பழுதுற்ற, பயன்படாத சாமான்களை விற்றுக் கிடைக்கும் தொகையைப் புதியவை வாங்கப் பயன்படுத்தலாம் என்று காங்கிரஸ் சபையே நெடுங்காலமாக இசைவு தந்து வந்தது. பணம் குறைவாகவே ஒதுக்கப்படும். புதிய தலைவரும் அவர் இல்லத்தாரும் மாளிகையைத் தம் காலத்துக்கு ஏற்ப அமைக்க விரும்புவர். விற்றால் ரொக்கம் வரும். செப்பனிட்டால் செலவுதான் வரும்; செப்பனிட்டது பிறர் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவும் தெரியாது. இத்தகைய கணக்குமுறை இருக்கும் இடத்தில், கை தானாகவே ஏலக்காரர் பக்கம் நீளும். எது ‘பழுதுற்றது’ என்று தீர்மானிப்பது யார்? நைந்தது துணிதான், ஆனால் ஏட்டிலே ‘நாற்காலி பழுது’ என்று எழுதப்பட்டது. துணிக்கு வந்த முதுமையை மரத்தின்மேல் ஏற்றிய அந்த ஒரு சொல்லிலேதான் எல்லாம் போயிற்று.

அதன்பின் அந்த மாளிகையில் ஏலம் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 1882ஆம் ஆண்டில் செஸ்டர் ஆர்தர் என்னும் தலைவர் 24 வண்டிப் பாரம் சாமான்களை விற்றார். நியூயார்க் நகரத்து லூயி டிபனி வண்ணக் கண்ணாடிகளால் ஆன பெரிய தட்டி ஒன்றை அவருக்காக அமைத்தார். இருபது ஆண்டுகள் கழித்து, தியோடர் ரூஸ்வெல்ட் காலத்தில் அத்தட்டியும் கழற்றப்பட்டு 275 டாலருக்கு ஏலம் போயிற்று. முன்னவர் கழித்ததை ஈடுசெய்ய வந்த பொருள், பின்னவருக்குக் கழிவாயிற்று.

இதிலே வியப்பு ஒன்று உண்டு. 1902ஆம் ஆண்டில் ரூஸ்வெல்ட் மாளிகையைப் புதுப்பித்தபோது, அவருடைய கட்டடக் கலைஞர்கள், அதன் தொடக்க கால எளிமையையும் கம்பீரத்தையும் மீட்க வேண்டும் என்றனர். நீல அறைக்கு எந்தப் பாணி பொருந்தும் என்று ஆராய்ந்து, பிரெஞ்சுப் பேரரசுக் காலப் பாணியே பொருந்தும் என்று முடிவு கட்டினர். புதிய நாற்காலிகளை அந்தப் பழைய பாணியிலே செய்வித்தனர். உண்மையான பெல்லாஞ்சே நாற்காலிகளோ, யார் யார் வீட்டுக் கூடங்களிலோ, பரண்களிலோ கிடந்தன.

1948ஆம் ஆண்டு முதல் 1952ஆம் ஆண்டு வரையில், ஹாரி ட்ரூமன் காலத்தில், மாளிகையின் வெளிச்சுவரை மட்டும் நிறுத்தி உட்பகுதி முழுவதையும் எஃகுச் சட்டத்தின்மேல் புதிதாகக் கட்டினர். சாமான்களிற் பல, பழைய பாணியைப் பின்பற்றிச் செய்த நகல்கள். 1961ஆம் ஆண்டில் தலைவர் கென்னடியின் துணைவியார் ஜாக்குலின் அங்கே வந்தபோது, இவ்வளவு பெரிய வரலாறு உடைய இல்லத்தில் வரலாற்றுக்குச் சான்றான பொருள் இவ்வளவு குறைவா என்று வருந்தினார். ஹென்றி பிரான்சிஸ் டூ பான்ட் என்னும் பழம்பொருள் அறிஞரின் தலைமையில் குழு ஒன்று அமைந்தது. மாளிகையை விட்டு என்றுமே வெளியேறாத பெல்லாஞ்சே சுவரோர மேசை, கவனிப்பாரின்றிக் கிடந்தது. அதை மீண்டும் நீல அறைக்குக் கொண்டுவந்தார்கள். கைவைத்த நாற்காலி ஒன்று அன்பளிப்பாகத் திரும்பி வந்தது. அதனை மாதிரியாக வைத்து வேறு நாற்காலிகளும் செய்யப்பட்டன. ஒருகாலத்தில் 53 இருந்த இடத்தில் ஒன்று வந்ததற்கே நாடு மகிழ்ந்தது. பிறகு மேலும் சில வந்தன. பெரும்பகுதி இன்னும் வரவில்லை.

அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் இயற்றிய சட்டம், நான் மேலே சொன்ன கணக்குமுறையையே மாற்றிவிட்டது. வரலாற்றுச் சிறப்போ கலைச் சிறப்போ உடையவை என்று குடியரசுத் தலைவர் அறிவிக்கும் மாளிகைப் பொருள்கள் இனி விற்கப்படா. பயன்படுத்தாதபோது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பாதுகாப்பிற்குச் செல்லும். ஏலக்காரரின் சுத்தியலுக்கு அன்றோடு ஓய்வு. 1962ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஜாக்குலின் அம்மையார் மாளிகையைத் தொலைக்காட்சி வாயிலாக மக்களுக்குச் சுற்றிக் காட்டினார்.

பழையதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். மாற்றித் தைக்கும் ஒவ்வொரு முறையும் சட்டத்தில் புதிய ஆணித் துளைகள் விழுகின்றன. துளை பெருகப் பெருக மரம் பொடியும். ஒரு நாள் ஆணியைப் பிடிக்காது. பழைய உறையைக் களையும்போது, அதன் நிறத்தையும் நெசவையும் சொல்லக்கூடிய சான்றும் உடன் போய்விடும். ஆகையால், இக்காலப் பாதுகாப்பாளர்கள் பழைய ஆணியின் தலைக்கடியில் சிக்கியிருக்கும் ஒரு நூலிழையையும் விட்டுவிடுவதில்லை. அதிலிருந்து முதலுறையின் நிறத்தைக் கண்டறிய முயல்வர். மரத்திலே புதிய துளை இடாமல், தனியாகச் செய்த மெத்தையைச் சட்டத்தின்மேல் பொருத்தும் முறையும் இன்று உண்டு. எஞ்சிய பெல்லாஞ்சே நாற்காலிகளின் மரவேலையும் பொன்முலாமும் சில ஆண்டுகளாகச் செப்பனிடப்பட்டு, அப்பணி 2018ஆம் ஆண்டில் நிறைவெய்தியது.

அந்த நாற்காலிகளுக்கு எந்தத் துணியை உடுத்துவது என்பதும் எளிதான கேள்வியாக இல்லை. மன்றோ காலத்துப் பட்டு எப்போதோ களையப்பட்டுவிட்டது. ஆனால் மன்றோவின் உருவப்படம் ஒன்றில், அவரோடு அந்நாற்காலிகளில் ஒன்றையும் ஓவியர் தீட்டியிருந்தார். அப்படத்தைப் பார்த்தே பொன்னிறக் கழுகை மீண்டும் நெய்வித்து, நாற்காலியின் முதுகில் வைத்துத் தைத்தனர். பட்டின் நிறத்தை மட்டும் செந்நிறத்துக்குத் திருப்பவில்லை. 1837ஆம் ஆண்டில் வந்த நீலமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.